உள்ளங்கை நாய்

ஸ்டேஷனில் உட்கார நாற்காலி கொடுத்தீர்களே சார், அதுவே பெரிய உதவி. எனக்கு முட்டி இரண்டும் சரியாக மடங்காது. ரப்பர் தோட்டத்தில் பால் மரத்துக்கு அடிவெட்டு வெட்டக் குந்திக் குந்தியே பாதி போயிற்று. பிறகு நாய்க்கூண்டு கழுவக் குந்தியதில் மிச்சமும் போயிற்று. மழைக்கு முந்தி உள்ளே யாரோ உளி வைத்துத் தட்டுவது போல இருக்கும். இன்றைக்கும் தட்டுகிறது. சாயங்காலம் பெய்யும் பாருங்கள்.

நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கிரகோரி ஐயா மேல் நான் கை வைக்கவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. கடைசிவரை ஐயா என்றுதான் கூப்பிட்டேன். ஒரு காலத்தில் அவர் வாசலில் நான் நின்ற மாதிரி, என் வாசலில் அவர் ஒரு தடவை நிற்க வேண்டும். அதுதான் என் ஆசை. அதற்கு மூன்று நாய்கள் தேவைப்பட்டன. முறையாகச் சொன்னால்தான் புரியும்.

என் இடத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். யோங் பெங்கிலிருந்து செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள்ளே போகிற மண்சாலை, அதன் கோடியில் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, தோட்டத்து ஆட்கள் எங்களை வெளியே அனுப்பியபோது நான் ஒரு சீன முதலாளியின் நாய்ப் பண்ணையில் கூண்டு கழுவச் சேர்ந்தேன். அவர் வயதாகிச் சிங்கப்பூருக்கு மகனோடு போனார். கூண்டுகளும் நாய்களும் என் கைக்கு வந்தன. பூடல், பொமரேனியன். சின்ன நாய்கள் மட்டும்தான்.

கோப்பைக்குள் அடங்குகிற டீகப் நாய் என்று ஒரு ஜாதியே கிடையாது சார். அது விளம்பரத்துக்கு வைத்த பேர். ஒரு ஈற்றில் நாலு குட்டி விழுந்தால் அதில் ஒன்று நோஞ்சானாக இருக்கும். மற்றவை தள்ளிவிட்டுப் பால் குடிக்கும், இது ஓரத்தில் கிடக்கும். முன்பெல்லாம் அதை யாரும் சீண்ட மாட்டார்கள். இப்போது அதற்குத்தான் கிராக்கி. அந்த நோஞ்சானை இன்னொரு நோஞ்சானோடு சேர்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் அண்ணனையும் தங்கச்சியையும் சேர்ப்பேன். அதுவும் இல்லாவிட்டால் அப்பனையும் மகளையும். அப்படிப் பிறந்து வளர்கிற தாய்க்கு இடுப்பு குட்டியை வெளியே விடாது. டாக்டரிடம் போனால் வயிற்றைக் கிழித்து எடுப்பார். கட்டுப்படியாகாது என்றால் நானே விரல் விட்டு இழுப்பேன். சில தாய் பிழைக்கும். பிழைக்காதது செம்பனைக்கு உரம்.

குட்டிக்கு உச்சி மூடியிருக்காது. தலையைத் தடவினால் நடுவில் மெத்தென்று ஒரு பள்ளம் விரலில் தட்டும். வாங்க வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்து, “அய்யோ, எவ்ளோ சாஃப்ட்டு” என்பார்கள். நான் தலையாட்டுவேன். ஒரு வேளை தீனி தவறினால் உடம்பில் சர்க்கரை இறங்கி, நடுங்கி, அப்படியே சாய்ந்துவிடும். சோபாவிலிருந்து குதித்தால் கால் ஒடியும். பால்குடி மறக்காத குட்டியை மூன்று மாதக் குட்டி என்று சொல்லித் தருவேன். உண்மையிலேயே மூன்று மாதம் ஆனால் அது வளர்ந்துவிடுமே.

படம் எடுப்பதற்குக் கோப்பிக் கோப்பைக்குள் உட்கார வைப்பேன். தலையும் முன்கால் இரண்டும் வெளியே தெரிய வேண்டும். கோப்பைக்குள்ளே வயிறு வெடவெடவென்று நடுங்கும், அது படத்தில் தெரியாது. வாட்சாப்பில் போட்ட கையோடு பதில் வந்துவிடும். “அங்கிள், இப்படியே இருக்குமா? பெருசாவாதுல்ல?” ஸ்கூடாயிலிருந்து வந்த ஒரு ஜோடி, கைப்போனைக் குட்டிக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தது. குட்டி போனைவிட ஒரு விரல்கடை நீளம். “இது வேணாம்லா, பெருசு” என்று அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். ஆரோக்கியமாக இருக்கிறதா என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு சார்.

எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. ஆச்சரியம்தான். சின்னதாகப் பிறந்தால் ஒரு விலை, அதைவிடச் சின்னதாகப் பிறந்தால் அதைவிட விலை. கூண்டைக் கழுவிக்கொண்டே இதை யோசிப்பேன். ஏனென்றால் எனக்கும் ஒரு மகள் பிறந்தாள். அவளும் சின்னதாகத்தான் பிறந்தாள்.

ரப்பர் தோட்டத்தில் இருந்த காலம், என் பெண்சாதி தனலெட்சுமிக்கு அப்போது ஏழாம் மாதம். விடியுமுன்னே லயத்து வீட்டிலேயே வலி கண்டு, பிள்ளை விழுந்துவிட்டது. என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்தால் அவளுக்குப் படுக்க இடம் போதும். அழுகை பூனைக்குட்டி மாதிரி. பிள்ளைப்பேறு பார்த்த ராஜம்மா துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, “மூச்சு இருக்குடா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பொழைச்சிக்கும், ஓடு” என்றாள். தோட்டத்தில் ஒரே ஒரு லாரி. அது எங்கே போக வேண்டும் என்று சொல்கிறவர் கிராணி. அந்தக் கிராணிதான் கிரகோரி.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. துரை எப்போதாவது முகம் காட்டுவார். எங்களுக்குக் கவர்மெண்டு, போலீஸ் எல்லாமே கிராணிதான். காலையில் பெரட்டுக் களத்தில் நாங்கள் வரிசையாக நிற்போம், அவர் பேர் வாசிப்பார். தலை நிமிராது. எங்கள் பேர் அத்தனையும் அவருக்குத் தெரியும். முகம் ஒன்றுகூடத் தெரியாது.

நான் பிள்ளையோடு ஆபீஸ் வாசலில் நின்றேன். “ஐயா, நான் வீரமுத்து. லாரி வேணும், புள்ளைக்கு மூச்சு இழுக்குது” என்றேன். அவர் ஒரு விரலால் துணியை விலக்கிப் பார்த்தார். பார்த்தார் என்பதை நான் சொல்லத்தான் வேண்டும்.

“லாரி பாலு ஏத்தப் போவணும் வீரமுத்து. இத்தனூண்டுக்கு லாரியா? போ. அடுத்தது பெருசா பொறக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது, குடையை எடுத்துக்க என்கிற மாதிரிச் சொன்னார். அவள் அன்றைக்கு மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டாள். பேர் வைக்க நேரம் இருக்கவில்லை. அடுத்தது பெரிதாகவும் பிறக்கவில்லை, சின்னதாகவும் பிறக்கவில்லை. பிறக்கவே இல்லை.

போன வருஷம் தைப்பூசம் கழித்து ஷர்மைன் என்று ஒரு பெண் மெசேஜ் அனுப்பினாள். அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய்வருகிறாள். அம்மா காலமாகிவிட்டார். அப்பா ஸ்கூடாயில் தாமான் குடியிருப்பு வீட்டில் பகல் பூராவும் தனியாக இருக்கிறார். “பெரிய நாயின்னா இழுத்துத் தள்ளிடும் அங்கிள். மடியிலயே கெடக்கற மாதிரி ஒன்னு குடுங்க.” ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்த கையோடு அப்பாவைக் காடியில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உயரம் குறைந்து, கழுத்து சுருங்கி, சட்டை தோளில் தொங்கியது. வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துக்கொண்டு, “இங்க முத்துங்கிறது யாருங்க?” என்றார். குரல் மட்டும் மாறவில்லை. பெரட்டில் பேர் வாசித்த அதே குரல். என் கால் தானாக ஒன்றோடொன்று சேர்ந்து நின்றது சார். “நான்தான் ஐயா” என்றேன். என் முகத்தை நேராகப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தனலெட்சுமி சந்தைக்குப் போயிருந்தாள், அதுவும் வசதியாகப் போயிற்று.

முதல் நாயை நான் வேண்டுமென்று கொடுக்கவில்லை. இருந்ததிலேயே சின்னதை ஷர்மைன் கேட்டாள், கொடுத்தேன். அப்படிப்பட்ட நாய்கள் எப்படிச் சாகுமோ அப்படிச் சில நாளில் செத்தது. அவர் போன் செய்து அழுதார். கிராணி அழுவதை நான் அதற்கு முன்னே கேட்டதில்லை. கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்று கடைசிவரை கேட்டேன். கொட்டகைத் தரை முழுக்கத் தண்ணீர். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் பல வருஷத்தில் தூங்கியதில்லை.

இரண்டாவதை இனாமாகக் கொடுத்தேன். அதைப் பொறுக்கிக் கொடுத்தேன், உச்சிப் பள்ளம் எதற்குப் பெரிது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து. “உங்க மாதிரி நல்ல மனசு யாருக்கு அங்கிள் வரும்” என்று ஷர்மைன் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த நாய் கொஞ்சம் கூடுதலாகவே பிழைத்துக் கிடந்தது. அதனால் அவர் அதன்மேல் கொஞ்சம் கூடுதலாகவே பிரியம் வைத்தார். அதுவும் போயிற்று. அப்போது அவர் அழவில்லை. “என் கையிலதான் ஏதோ குத்தம் முத்து” என்றார். எனக்கு அது அழுகையைவிட இதமாக இருந்தது.

ஆனாலும் ஒன்று குறைந்தது. செத்தது அவர் வீட்டில், அழுதது போனில். என் வாசலில் அவர் நிற்கவில்லை. அதனால் மூன்றாவதற்கு நான் முறையை மாற்றினேன். நல்ல குட்டியாகவே கொடுத்தேன். உச்சி மூடிய, கால் பலமான, பசியெடுத்துத் தின்கிற குட்டி. டினா என்று பேர் வைத்தார். கொடுக்கும்போது சொன்னேன்:

“இது வுட்டா பெருசாயிடும் ஐயா. பெருசானா இதுக்கு நெஞ்சு தாங்காது. காலையில அரைக் கரண்டி, சாயங்காலம் அரைக் கரண்டி. அழுதாலும் குடுக்காதீங்க. போன ரெண்டும் ஏன் போச்சின்னு நெனைக்கிறீங்க?”

அவர் முகம் கறுத்துவிட்டது. “நான் பிஸ்கட்டு குடுத்தேன் முத்து. கேட்டுச்சேன்னு குடுத்துட்டேன்.”

“அதான் சொல்றேன்.”

கிராணி ஆயிற்றே. அளந்து கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அரைக் கரண்டி என்றால் கத்தியால் மட்டம் தட்டின அரைக் கரண்டி. அடிக்கடி போன் வரும்.

“கிண்ணத்தயே நக்கிக்கிட்டுக் கெடக்குது முத்து. நான் சமையக்கட்டுப் பக்கம் போனா கூடவே வந்து கால்ல முட்டுது. கொஞ்சம் சேத்து வைக்கலாமா?”

“உங்க இஷ்டம் ஐயா. போயிட்டா என்னைக் கேக்காதீங்க.”

“வேணாம் வேணாம். நீங்க சொல்றபடியே செய்றேன்.”

அவர் சாப்பிடும்போது அது ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். தாங்காமல் அவரும் சோற்றைக் குறைத்துக்கொண்டார். “டினாவும் டயட்டு, அப்பாவும் டயட்டு. சட்டை எல்லாம் லூசாயிடுச்சி அங்கிள்” என்று ஷர்மைன் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாய் அவர் கையாலேயே தேய வேண்டும் என்பதுதான் என் ஏற்பாடு. அவர் தேய்ந்தது எனக்கு மேற்கொண்டு கிடைத்தது.

தனலெட்சுமிக்குத் தெரிந்தது போன் ஸ்பீக்கரில் இருந்தபோது. குட்டிகளுக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“யாரு அது?”

“கஸ்டமரு.”

“பொய் சொல்லாத. அது கிராணி. அந்தாளு இன்னும் உசிரோட இருக்காரா?” பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “அலமாக், அதான் கொஞ்ச நாளா உன் மூஞ்சி ஒரு மாதிரி மினுங்குதா. நான் என்னமோ முட்டிக்கு மருந்து புடிச்சிருச்சின்னு நெனச்சேன். என்னாய்யா பண்ற அவர?”

“ஒன்னும் பண்ணல. நாய் விக்கிறேன்.”

“வேணாம், வுட்டுடு. எனக்கே மறந்துபோச்சி.”

அவளுக்கு மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மறந்தவள் மாதிரி இருந்துகொண்டு என்னை மட்டும் நினைக்க வைத்துவிட்டாள் என்று அவள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு வருத்தம்.

கடைசி நாள் காலையில் போன் வந்தது. டினா எழுந்திருக்கவில்லை, கண் மேலே போகிறது என்றார். அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே மிருக டாக்டர் இருக்கிறார். அங்கே போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். “ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க ஐயா. என்கிட்ட மருந்து இருக்கு. இங்க கொண்டாங்க” என்றேன். ஷர்மைன் வேலையில் இருந்தாள். அவர் வாடகைக் காடி பிடித்து வந்தார். எங்கள் சாலையில் இறக்கிவிட்ட காடி திரும்பிப் போய்விட்டால் வேறொன்று வராது, கேட்டைத் தாண்டினால் சாலை நெடுகப் போனில் லைனும் பிடிக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வரச் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்து என்று எதுவும் வேண்டாம் சார். விரல் நுனியில் சீனித்தண்ணீர் தொட்டு ஈறில் தடவினால் எழுந்து உட்கார்ந்துவிடும். சீனி டப்பா எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

உச்சி வெயில். துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். நான் ஆசைப்பட்டபடியே நின்றார்.

“முத்து, மருந்து குடுங்க.”

“தீந்துபோச்சி ஐயா.”

“அப்ப டவுனுக்குப் போயிடலாம். வேன் நிக்குதே.”

வேன் அங்கேதான் நின்றது. சாவி என் பாக்கெட்டில். நான் அவசரப்படவில்லை. துண்டை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன்.

“வேன் தீனி ஏத்தப் போவணும். இத்தனூண்டுக்கு வேனா? போங்க. அடுத்தது பெருசா பொறக்கும்.”

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதனால் நானே சொன்னேன். தோட்டத்தின் பேர், என் முழுப்பேர், லாரி, துணியில் சுற்றின பிள்ளை. எல்லாம் சொன்னேன். அவர் உண்மையாகவே யோசித்தார்.

“எந்தப் புள்ள?” என்றார்.

பொய் இல்லை சார். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், நான் பொய் சொல்லி வியாபாரம் செய்கிறவன். “என் முன்னால எத்தனையோ பேரு வந்து நிப்பாங்கப்பா. ஞாபகம் வரலியே. நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தா தப்புதான், பெரிய தப்பு. வேனை மட்டும் எடு தம்பி. அப்புறம் என்னை என்னா வேணா பண்ணு.”

அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நினைவே இல்லாத மனிதன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான்? முடியாது என்றேன்.

அவர் அழுவார், அங்கேயே உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். என் மனசில் இருந்த படம் அதோடு முடிந்துவிடும். அவர் சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி, நாயை உள்ளே வைத்து, திரும்பப் பூட்டினார். பிறகு நடக்க ஆரம்பித்தார். எழுபத்தெட்டு வயது. தலையில் தொப்பி இல்லை. ஒரு கை சட்டைக்கு அடியில் தாங்கியபடி இருந்தது. வளைவு திரும்புகிறவரை நான் கேட்டில் நின்று பார்த்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் உள்ளே போய்த் தாய் நாய்களுக்குத் தண்ணீர் வைத்தேன்.

மற்றதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மதகடியில் மல்லாந்து கிடந்தார். நாய் நசுங்காமல் இருக்க மல்லாந்து விழுந்திருக்க வேண்டும் என்றீர்கள். செம்பனைக் குலை ஏற்றிவந்த டிரைவர் பார்த்து இறங்கியிருக்கிறார். ஐயாவுக்கு உயிர் இல்லை. சட்டைக்குள் ஏதோ அசைந்ததாம். டிரைவர் தான் குடித்துக்கொண்டிருந்த தே தண்ணியை, நிறையச் சீனி போட்டது, அதன் வாயில் சொட்டியிருக்கிறார். இப்போது டினா ஷர்மைனிடம் இருக்கிறது, கிண்ணம் கிண்ணமாகத் தின்கிறது, பூனையைவிடப் பெரிதாகிவிட்டது என்றும் சொன்னீர்கள். ஆகும். அது நல்ல குட்டி.

ஆக, நான்தான் செய்தேன். வரவழைத்தேன், மருந்து இருந்தும் இல்லை என்றேன், வண்டி இருந்தும் எடுக்கவில்லை, அந்த வெயிலில் அவர் போய்ச் சேர மாட்டார் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

தனலெட்சுமி பாசிர் கூடாங்கில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் முதலில் வந்துபோன அன்றைக்கே போய்விட்டாள். கத்தவில்லை, என்னைத் திட்டவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

“அவரு ஒரு நாய்க்கு நடந்தாரு” என்றாள்.

உங்களுக்கு அது புரியாது. தோட்டத்து ஆபீஸிலிருந்து மெயின் ரோட்டுக்கு நாலு மைல் செம்மண் சாலை. மெயின் ரோட்டில் பஸ் ஓடியது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. லாரி கிடையாது என்று சொன்ன பிறகு கிராணி இன்னொன்றும் கேட்டார்: “இன்னைக்குப் பேரு போடவா, வேணாமா?” பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. போடுங்கள் என்றேன். பிள்ளையை ராஜம்மா கையில் திருப்பிக் கொடுத்தேன். கத்தியை எடுத்துக்கொண்டு என் நிரை மரங்களுக்குப் போய்ப் பால் வெட்டினேன். மத்தியானம் பால் நிறுக்கிற இடத்தில்தான் எனக்குச் சேதி வந்தது. தனலெட்சுமி அதைப் பற்றி இத்தனை வருஷமும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கிராணி கொடுக்காதது லாரியைத்தான். சாலை அங்கேயேதான் கிடந்தது.

இது உங்கள் கேஸில் சேராது, தெரியும். கிரகோரி ஐயாவுக்கு நான் செய்ததற்குக் கோர்ட்டு என்ன சொல்கிறதோ அதைக் கட்டிவிடுவேன். என் மகளுக்கு நான் நாலு மைல் நடை கடன்பட்டிருக்கிறேன்.